நேரம் குறிக்காத கல்யாணம்

தம்பி,

அம்மா எழுதுவது. உன் இன்லண்ட் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கால்கூடக் கழுவாமல் வாசல்படியில் நின்றே படித்தேன். தை பிறந்ததும் மல்லிகாவுக்கு வளைகாப்பு, திருச்சியில் உங்கள் வீட்டிலேயே, ஆடம்பரம் ஒன்றும் இல்லை, பேங்க் சிநேகிதர்களே கூடமாட எல்லா வேலையும் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது. அதற்குக் கீழே, காகிதம் மடிகிற இடத்தில் பொடியெழுத்தில் இடுக்கி எழுதியிருந்தாயே, அந்த இடத்தையே இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். "மல்லிகாவோட அம்மாவும் வர்றாங்க. அவ அப்பா தவறி நாலு மாசம்தானே ஆகுது, அவங்க சபைக்கு வரமாட்டாங்க. நீயும் வந்துட்டா உள்ள அவங்களுக்குப் பேச்சுத்துணையா இருக்கும்." இதுதான் நீ எழுதியது. எழுத்து மாறாமல் எடுத்து எழுதியிருக்கிறேன், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நானும் புருஷன் இல்லாதவள், அந்தம்மாவும் இப்போது புருஷன் இல்லாதவர். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது, இல்லையா? நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் துணை, மாமியாருக்கும் துணை, இரண்டு பேருக்கும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு வருஷத்துக்கு மேலாக உள்ளேயே போட்டு வைத்திருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். இன்லண்டில் இதெல்லாம் அடங்காது என்று முழுத்தாள் வாங்கி, கார்பன் வைத்து எழுதுகிறேன். ஒரு பிரதி உன் மாமாவுக்கு, ஒன்று உன் அக்கா சாந்திக்கு. நீ ஒருத்தன் மட்டும் செய்த காரியமாக இருந்தால் உனக்கு மட்டும் எழுதியிருப்பேன். எல்லாரும் கூடிச் செய்தீர்கள், எல்லாரும் படியுங்கள்.

சாந்தியின் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது நீ எட்டாம் வகுப்பு. அதற்கு ஏழு வருஷம் கழித்து அவளுக்கு மண்டபம் பிடித்து, மேளம் வைத்து, ஊரைக் கூட்டிச் செய்தோம். அன்றைக்கு நான் மணமேடைப் பக்கமே போகவில்லை. சாமான் அறையில், தேங்காயும் பூசணிக்காயும் குவித்திருந்த இடத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை. யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் நானாகவே போய்விட வேண்டும் என்ற ரோஷம்தான். நீ என்னைத் தேடிக்கொண்டு வந்தாய்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க? அங்க தாலி கட்டப் போறாங்க."

"சாமான் களவு போயிரும்டா. நான் பாத்துக்கிறேன், நீ போ."

நீ போகவில்லை. புது பேண்ட் அழுக்காவதைப் பார்க்காமல் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாய். கெட்டிமேளம் கொட்டியதை நாம் இரண்டு பேரும் அந்த அறையில் இருந்துதான் கேட்டோம். கூடப்பிறந்த ஒரே அக்காவின் கழுத்தில் தாலி ஏறியதை நீ பார்க்கவில்லை, எனக்காக. மேளம் நின்றதும் சொன்னாய்: "என் கல்யாணத்துக்கு அய்யரும் வேணாம், ஓமமும் வேணாம். நீதாம்மா தாலிய எடுத்துக் குடுக்கணும். இல்லேன்னா நான் கட்டவே மாட்டேன்." உனக்கு அப்போது இருபது வயது. இருபது வயசுப் பையன் சொல்வதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதுதான். நான் வைத்துக்கொண்டேன். அடுத்த ஆறு வருஷம் அந்தப் பேச்சை வைத்துத்தான் நிமிர்ந்து நடந்தேன். பள்ளிக்கூடத்தில் நூர்ஜஹான் டீச்சரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அவரைக் கேட்டுப் பார்.

பிறகு நீயே மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். உன்னோடு வேலை பார்க்கிற பெண், தெற்குவாசலில் சைக்கிள் கடை வைத்திருப்பவரின் மகள். கோச்சடையில் நம் வீட்டு மொட்டைமாடியில் கல்யாணம், நாற்பது பேர், மாலை மாற்றிக்கொண்டு தாலி கட்டிக்கொள்வது, அவ்வளவுதான் என்றாய். மல்லிகாவின் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "மாப்பிள்ளை சொன்னாச் சரிதான்" என்றார். ஒத்துக்கொள்ளாமல் குதித்தது என் தம்பி, உன் மாமாதான். நீ எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்துக்கொண்டு வந்த பத்திரிகையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நேரம் எங்கக்கா போட்டிருக்கு? நேரம் போடாம ஒரு பத்திரிகையா? சனம் எப்ப வரும், எப்ப போவும்?"

அதற்கு நீ சிரித்துக்கொண்டே, "முகூர்த்தம்னு ஒண்ணு வச்சாத்தானே மாமா அம்புட்டு அவசரமும். காலைல எல்லாரும் வரட்டும், காப்பி குடிக்கட்டும். வந்து சேந்தப்புறம் நிதானமாக் கட்டிக்கிறோம்" என்றாய். நான் உன் கட்சி. என் கூடப்பிறந்தவனிடம் உனக்காக மல்லுக்கு நின்றேன். ராகுகாலம் எமகண்டம் என்று அவன் இழுத்ததற்கு, சாந்தி கல்யாணத்தில் நல்ல நேரம் பார்த்துத்தானே நான் சாமான் அறையில் உட்கார்ந்திருந்தேன், போதும்டா உங்கள் நேரம் என்று சொன்னேன். அந்தப் பத்திரிகையின் கடைசி வரி என்ன தெரியுமா? உனக்கு மறந்திருக்கலாம். "என் அம்மா எடுத்துக் கொடுக்க, நாங்கள் வாழ்க்கையில் இணைகிறோம்." என் பெயர் போட்டு, அதற்குப் பக்கத்தில் 'ஆசிரியை' என்றும் போட்டிருந்தாய். நான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு டீச்சராகக் காட்டினேன். ஐம்பது வயதில் ஒருத்தி இப்படியா அலைவாள் என்று ஹெட்மாஸ்டர் நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று இருந்தேன்.

அந்த ஒரு மாதம் நம் வீடு வீடாகவே இல்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே கீற்று வாங்கிவந்து மாடியில் பந்தல் போட்டான். சாந்தி வீட்டுக்காரர் கேமராவோடு வருகிறேன் என்றார். உன் சிநேகிதன் டேப்ரிக்கார்டர் கொண்டுவந்து நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுப் பார்த்தான். மேளக்காரர் இல்லாமல் மேளமா என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சாப்பாடு என் பொறுப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்தில், நூர்ஜஹான் டீச்சர் வீட்டிலேயே செய்து தருகிறோம் என்று அவர் வீட்டுக்காரர் முன்வந்தார். "கல்யாணத்தன்னைக்குக் கறிச்சோறாக்கா? யாராச்சும் சிரிக்கப் போறாங்க" என்று உன் மாமா அதற்கும் ஒரு பாட்டம் ஆடினான். கடைசியில் அவன்தான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதை இப்போது எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்போடு அழுகையும் வருகிறது.

முதல்நாள் சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் தேய்த்தேன். விரலி மஞ்சளைக் கல்லில் உரசி உரசி, நூலை இழுத்து இழுத்து, ஒரு மணி நேரம் தேய்த்திருப்பேன். பதிமூன்று வருஷமாக மஞ்சளைக் குழம்புக்குப் போட்டதோடு சரி. பத்து விரலும் மஞ்சளாக இருந்தன. நீ வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என் கையையே பார்த்தாய். உனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால்தான் பேசாமல் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி. கயிற்றை ஒரு பேப்பரில் சுற்றி உன் அத்தையிடம், அதுதான் மாமாவின் சம்சாரத்திடம், கொடுத்து, காலையில் தாலியை இதில் கோத்து வை என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். குளித்து, நீ எடுத்துக் கொடுத்த வெங்காயக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். நீ என்னைப் படியிலேயே மறித்தாய். "அம்மா, நூர்ஜஹான் டீச்சர் வீட்டுல சாப்பாட்டுக்குச் சொன்ன வேன் வரலையாம். வேற யாருக்கும் அவங்க வீடு தெரியாது. ஆட்டோ நிக்கிது, நீ போயி கையோட எடுத்துட்டு வந்துரேன். நீ வந்தப்புறம்தான் எல்லாம்." நீ வந்தப்புறம்தான் எல்லாம். நான் சந்தேகப்படவே இல்லை, தம்பி. நாற்பது பேர் பசியோடு இருக்கக் கூடாதே என்ற பதைப்பில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். நேரம் குறிக்காத கல்யாணம்தானே, எனக்காகக் காத்திருப்பார்கள் என்று ஒரு நிம்மதி வேறு. நேரம் குறித்த கல்யாணமாக இருந்திருந்தால் நான் படியை விட்டு இறங்கியிருக்க மாட்டேன். அய்யர் வைத்திருந்தால்கூட இன்ன மணிக்கு என்று எனக்குத் தெரிந்திருக்கும். நீ எனக்காக எடுத்துப் போட்ட அந்த முகூர்த்தத்தை வைத்தே என்னை வெளியே அனுப்பினாய்.

கோரிப்பாளையத்தில் போய் இறங்கினால், வாசலில் வேன் நிற்கிறது. அண்டாக்களுக்குத் துணி கட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நூர்ஜஹான் டீச்சர் என்னைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். "என்ன டீச்சர் இது, கல்யாணத்த வுட்டுட்டு இங்க வந்து நிக்கிறீங்க? பதினோரு மணிக்குத்தானே கொண்டாரச் சொன்னீங்க, வேனு எட்டு மணிக்கே வந்துருச்சே." எனக்கு உடனே புரியவில்லை. உனக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க, சீக்கிரம் போயிருவம்" என்று தானும் பர்தாவை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். தர்கா முக்கில் பஸ்ஸும் மாட்டுவண்டியும் சேர்ந்து அடைத்துக்கொண்டு நின்றன. பாலம் ஏறி இறங்குவதற்குள் அரைமணி நேரம். வேனுக்குள் பிரியாணி வாசனை, என் மடியில் மஞ்சள் விரல்கள். அவர் வழி முழுக்க என் கையை விடவே இல்லை.

மாடிப்படியில் கால் வைக்கும்போதே தெரிந்துவிட்டது. ஆட்கள் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். "எங்கக்கா போயிட்டீங்க, இப்பத்தான் முடிஞ்சது" என்று யாரோ சொன்னார்கள். நீயும் மல்லிகாவும் மாலையோடு வந்து என் காலில் விழுந்தீர்கள். "எல்லாரும் வந்துட்டாங்கம்மா, லேட்டாயிருச்சு. மாமாவும் அத்தையும் எடுத்துக் குடுத்தாங்க" என்றாய். நன்றாக இருங்கள் என்றேன். பிறகு இலை போட்டேன், பரிமாறினேன், வெற்றிலை கொடுத்தேன். அத்தனை பேர் கையிலும் அந்தப் பத்திரிகை இருந்தது. அம்மா எடுத்துக் கொடுக்க என்று போட்டிருந்ததை எல்லாரும் படித்திருந்தார்கள். ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பிரியாணி நன்றாக இருக்கிறது என்று மட்டும் எல்லாரும் சொன்னார்கள்.

அப்போதும் உன்னை நம்பினேன். அவசரத்தில் நடந்துவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் அடுக்களையை ஒதுக்கும்போது பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அந்தப் பேப்பர் பொட்டலம் இருந்தது. பிரித்தால் நான் மஞ்சள் தேய்த்த கயிறு. அப்படியானால் மல்லிகா கழுத்தில் இருக்கிற கயிறு எது? அதை யார், எப்போது தயார் செய்தது? அவசரத்தில் யாரும் இன்னொரு கயிற்றுக்கு மஞ்சள் தேய்க்க முடியாது. முன்கூட்டியே பேசி, முடிவு செய்து, எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டுதான் என்னை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறீர்கள். என் பிள்ளை, என் தம்பி, என் தம்பி பெண்டாட்டி. சாந்திக்குக் காலையில்தான் தெரியுமாம். அவளும் வாயை மூடிக்கொண்டு ஆரத்தி எடுத்தாள்.

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவங்க வீட்டுல ஒரு மாதிரி நினைப்பாங்கம்மா. விடு." அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சில் பழியைத் தெற்குவாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டாய். அடுத்த வாரம் உன் மாமாவைப் பிடித்து உலுக்கினேன். "மாப்ள சொன்னான்க்கா, செஞ்சேன். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் நேராச் சொல்லல" என்றான். மனசு நோகக் கூடாதென்றுதான் என்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினீர்களாக்கும் என்று கேட்டேன். அதிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

நான் உன் வார்த்தையை நம்பி என்ன செய்தேன் என்று கேள். மல்லிகா தீபாவளிக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தாள். ம், சரி, வை என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அவளுடைய அம்மா ஒருநாள் முறுக்குத் தூக்கோடு பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார். மணி அடித்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். மணி அடிக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அந்தம்மா வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். என் சபையில் என்னை ஒதுக்கியவள்தானே, நிற்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு இவ்வளவு கல் மனசு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புரட்டாசியில் மல்லிகாவின் அப்பா போய்விட்டார். நீ வந்தாய், பார்த்தாய், லீவு இல்லை என்று மூன்றாம் நாளே திருச்சிக்குத் திரும்பிவிட்டாய். பதினாறாம் நாள் நான் போனேன். கூட்டம் கலைந்த பிறகு அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே கேட்டார்: "உங்களுக்கு எங்க மேல என்ன கோவம் டீச்சரம்மா? அன்னைக்குக் கல்யாணத்துல எங்க வீட்டுக்காரருதான் கேட்டாரு, பத்திரிகைல அம்மா பேரு போட்டிருக்கே, அவங்க வரட்டும், நமக்கென்ன அவசரம், நேரமா குறிச்சிருக்கோம்னு. மாப்பிள்ளைதான், எங்கம்மாவே வேணாம்னு போயிட்டாங்க, அவங்களுக்கு அது ஒத்துக்காதுன்னுட்டாரு. எங்க பொண்ணப் பிடிக்காமத்தான் நீங்க போயிட்டீங்கன்னு இவரு கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி மருகுனாரு."

என்னிடம் அவர்களைச் சொன்னாய், அவர்களிடம் என்னைச் சொன்னாய். நாற்பது பேரில் எனக்காக வாயைத் திறந்து கேட்ட ஒரே மனுஷர் அந்தச் சைக்கிள் கடைக்காரர். அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் நான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பேன்? இதற்கு நீ பதில் சொல்ல முடியாது, நானும் பதில் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்.

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. நீ செய்தது எனக்குப் புதிது இல்லை, நானே செய்திருக்கிறேன். சாந்தி பெரியமனுஷி ஆகிச் சடங்கு வைத்தபோது உன் அப்பா உயிரோடு இருந்தார். அவருடைய அக்கா, உன் பெரிய அத்தை, சின்ன வயதிலேயே தாலியறுத்தவர், பாசத்தோடு பாவாடை தாவணி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சடங்கு ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, "மதினி, மில்லுல மாவு அரைக்கக் குடுத்திருக்கேன், நீங்க போயி வாங்கிட்டு வந்திருங்களேன்" என்று நான்தான் அனுப்பினேன். மாவு தூக்குச்சட்டியோடு அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாவை இறக்கி வைத்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், "போறேன்" என்று கிளம்பிவிட்டார். முகத்துக்கு நேரே சொல்லாமல் பக்குவமாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அவர் சாகிற வரைக்கும் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அந்தக் கயிற்றைக் கண்டபோது மதினியின் மாவு தூக்குச்சட்டிதான் கண் முன்னால் நின்றது. எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் என் பாவத்துக்கு மதினிக்குத்தான் நான் கடன்பட்டவள். உன் பொய்யை அதில் கழித்துக்கொள்ளாதே.

நீ ஏன் செய்தாய் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். யாரும் உன்னை நெருக்கவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நீதான் பயந்துபோனாய். முதல்நாள் அடுக்களை வாசலில் நின்று என் மஞ்சள் விரலைப் பார்த்தாயே, அப்போதுதான் பயம் வந்திருக்கிறது. இந்தக் கை தொட்டுக் கொடுத்து நாளைக்கு மல்லிகாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அல்லது உனக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று. அய்யர் வேண்டாம், ஓமம் வேண்டாம் என்று மேடை போட்டுப் பேசிய பிள்ளைக்கு அம்மாவின் கை மட்டும் பயமாகிவிட்டது. அதை உன்னாலேயே தாங்க முடியாமல் யார் தலையிலாவது போட வேண்டியிருந்தது. உன் அப்பா காமாலையில் செத்தார், தம்பி. ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது, செத்தார். நான் அவரை விழுங்கவில்லை. இதை என் பிள்ளைக்கு எழுதிச் சொல்ல வேண்டி வருமென்று நான் நினைத்ததில்லை.

பயப்படுவது தப்பில்லை. மனுஷன் என்றால் பயம் இருக்கும். பயத்தை மறைக்க அடுத்தவர் பெயரைச் சொல்லாதே, அதுவும் இல்லாத ஒரு கோபத்தை இரண்டு வீட்டுக்கும் நடுவே நட்டு வைக்காதே. அப்பாவாகப் போகிறாய். பிள்ளை கேட்கிற கேள்விக்கெல்லாம் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லி ஓட்டிவிட முடியாது. மல்லிகாவிடம் நடந்ததை நீயே சொல். அவள் அப்பா என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பதையும் சொல். அவள் கோபப்படுவாள், நாலு நாள் பேசாமல் இருப்பாள், பட்டுக்கொள்.

நேற்றுப் பள்ளிக்கூடம் முடிந்து நேரே தெற்குவாசலுக்குப் போனேன். உன் கடிதத்தை அந்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மடிப்பில் இருந்ததையும் சேர்த்துத்தான். அவர் கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு, "மாப்பிள்ளை சொல்றதும் சரிதானே, நம்ம உள்ள இருந்துக்கிருவோம்" என்றார். அதெல்லாம் முடியாது, உங்கள் பெண்ணுக்கு நீங்கள்தான் முதல் வளையல் போட வேண்டும், அடுத்தது நான் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நம்ம போட்டு, வயித்துப் பிள்ளைக்கு ஏதாச்சும்னா டீச்சரம்மா?" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவளுக்குப் பச்சைதான் எடுப்பா இருக்கும். புதுமண்டபத்து வளையல் கடைல நல்லதாக் கிடைக்கும், வாங்க" என்றார். புருஷன் போன பிறகு அந்தம்மா வாசல் தாண்டியது நேற்றுத்தான் முதல் தடவை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டதற்கு, எட்டு கடைக்குக் கேட்கிற மாதிரி, "எம் மகளுக்கு, ஏழாம் மாசம்" என்றார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலைப் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மல்லிகாவுக்குச் சம்மதமா என்று கேள், சம்மதமென்றால் சபையில் எல்லார் முன்னாலும் போடுகிறோம். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் கடிதம் போடாதே, மாமாவிடம் சொல்லி அனுப்பாதே. பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வா. நாங்கள் இறங்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்து, அம்மா எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் போட வேண்டாம் என்று உன் வாயால் சொல். வளையலை உன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். கோபப்பட மாட்டேன். அன்றைக்கு அந்த மாடிப்படியில் நீ இதை என்னிடம் சொல்லியிருந்தால், தாலியை நானே எடுத்து உன் அத்தை கையில் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று கண்குளிரப் பார்த்திருப்பேன்.

அம்மா